சுவிட்ச் எடுத்த பிறவிகள்: கணினியின் முதல் மூன்று தலைமுறைகள்

பள்ளிக் கணினிப் பாடப் புத்தகத்தில் அந்த அட்டவணை தவறாமல் இருக்கும். முதல் தலைமுறை: வெற்றிடக் குழல். இரண்டாம் தலைமுறை: டிரான்சிஸ்டர். மூன்றாம் தலைமுறை: ஒருங்கிணைந்த சுற்று. எதிரே ஆண்டுகள். ஐந்து மதிப்பெண்ணுக்காக அதை நெட்டுருப் போட்டு எழுதிவிட்டு, தேர்வு அறையை விட்டு வெளியே வந்ததும் மறந்தவர்களில் நானும் ஒருவன். வெற்றிடக் குழல் எப்படி இருக்கும், கண்ணாடிக் குழலுக்கும் கூட்டல் கணக்குக்கும் என்ன உறவு, அதை எதற்காகத் தூக்கிப் போட்டார்கள் என்று வகுப்பில் யாரும் கேட்கவில்லை. ஆசிரியரும் சொல்லவில்லை.

அட்டவணையை ஓரமாக வைத்துவிட்டு அதற்குள் இருக்கும் பொருள்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்ப்போம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று தலைமுறையிலும் கணக்குப் போட்டது ஒரே பொருள்தான்: சுவிட்ச். அது எடுத்த உடம்புதான் மாறிக்கொண்டே வந்தது.

மாடிப்படி விளக்கு

மாடி வீடுகளில் படிக்கட்டு விளக்குக்குக் கீழே ஒரு சுவிட்சும் மேலே ஒரு சுவிட்சும் வைத்திருப்பார்கள். கீழே தட்டினால் விளக்கு எரியும். ஏறிப்போய் மேலே தட்டினால் அணையும். இரண்டும் பழைய நிலையில் இருந்தால் விளக்கு எரியாது. ஏதாவது ஒன்றை மட்டும் மாற்றினால் எரியும். இரண்டையும் மாற்றினால் மறுபடி எரியாது.

இப்போது தட்டாத சுவிட்சை 0 என்றும், தட்டிய சுவிட்சை 1 என்றும், எரியும் விளக்கை 1 என்றும் எழுதிப் பாருங்கள். 0-உம் 0-உம் சேர்ந்தால் 0. 1-உம் 0-உம் சேர்ந்தால் 1. 0-உம் 1-உம் சேர்ந்தால் 1. 1-உம் 1-உம் சேர்ந்தால் மறுபடி 0. கடைசி வரி தப்பாகத் தெரிகிறதா? 9-உடன் 1-ஐக் கூட்டினால் ஒன்றாம் இடத்தில் 0 போட்டு, 1-ஐ அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகிறோம் அல்லவா? 0, 1 என்ற இரண்டே இலக்கங்களில் கணக்குப் போடும்போது 1-உடன் 1-ஐக் கூட்டினாலே அந்த நிலை வந்துவிடுகிறது. ஒன்றாம் இடத்தில் 0, மீதி 1. மாடிப்படி விளக்கு ஒன்றாம் இடத்தைச் சரியாகக் காட்டுகிறது.

மீதியைக் காட்ட இன்னொரு விளக்கு வேண்டும். அது இன்னும் சுலபம். மெயின் சுவிட்சையும் போட்டு அறைச் சுவிட்சையும் போட்டால்தான் அறையில் பல்பு எரியும். அதுபோல இரண்டு சுவிட்சை வரிசையாக இணைத்துவிட்டால், இரண்டுமே 1 ஆக இருக்கும்போது மட்டும் அந்த விளக்கு எரியும். ஆக, மின்பணியாளர் ஒருவர் அரை மணி நேரத்தில் இணைத்துக் கொடுக்கக்கூடிய இரண்டு விளக்குகள் கூட்டல் கணக்குப் போட்டுவிடுகின்றன. கணினிக்குள் நடப்பது இதற்கு மேல் பெரிய மாயம் ஒன்றுமில்லை. இதையே ஆயிரக்கணக்கில் அடுக்கிக்கொண்டு போவதுதான்.

அடுக்கும்போதுதான் சிக்கல் வருகிறது. முதல் இடத்தில் வந்த மீதி, அடுத்த இடத்தின் சுவிட்சைத் தட்ட வேண்டும். எரியும் பல்பு எங்கேயாவது போய் இன்னொரு சுவிட்சைத் தட்டுமா? நடுவில் ஒரு ஆள் நின்று பார்த்துப் பார்த்துத் தட்டினால் அது கணினி ஆகாது. எனவே விரலால் அமுக்காமல், மின்சாரமே அமுக்கக்கூடிய ஒரு சுவிட்ச் தேவைப்பட்டது. இந்தக் கட்டுரையில் இனி வருவதெல்லாம் அந்தச் சுவிட்சைத் தேடிப்போன கதை.

முதலில் கைக்குக் கிடைத்தது ரிலே. கம்பிச்சுருளில் மின்சாரம் பாய்ந்தால் அது காந்தமாகி, ஒரு இரும்பு நாக்கை இழுத்து இன்னொரு சுற்றை மூடும். தந்தியிலும் தொலைபேசி நிலையங்களிலும் வெகு காலமாகப் புழங்கிய பொருள். பெர்லினில் கான்ராட் சூசெ 1941-ல் முடித்த இசட்-3 முழுக்க ரிலேக்களால் ஆனது. இயந்திரம் வேலை செய்தது. ஆனால் இரும்பு நாக்கு உண்மையிலேயே நகர்ந்தாக வேண்டும். நகர நேரம் பிடிக்கும், தேய்மானம் உண்டு, இடுக்கில் தூசி போகும்.

பூச்சியும் போகும். 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டின் மார்க்-2 இயந்திரத்தில் ரிலே ஒன்றில் விட்டில் பூச்சி சிக்கியிருந்ததைக் கண்டு, அதை எடுத்துப் பதிவேட்டிலேயே ஒட்டிவைத்தார்கள். மென்பொருள் பிழைக்குப் பூச்சி என்று பொருள்படும் 'பக்' என்ற பெயர் வந்ததே அன்றுதான் என்று இன்றும் எழுதுகிறார்கள். அது சரியல்ல. இயந்திரக் கோளாறுகளை எடிசன் காலத்திலேயே பொறியாளர்கள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சும்மா சொல்லிவந்த பூச்சி நிஜமாகவே அகப்பட்டது என்பதுதான் அந்தப் பதிவேட்டில் இருந்த வேடிக்கை.

சூடாகும் வரை பேசாத பெட்டி

எங்கள் தாத்தா வீட்டில் ஒரு வால்வு ரேடியோ இருந்தது. திருகினால் உடனே பாடாது. பின்பக்க அட்டையின் துளைகள் வழியாகப் பார்த்தால் உள்ளே கண்ணாடிக் குப்பிகளில் ஆரஞ்சு நிறக் கம்பிகள் மெல்லச் சிவந்து வருவது தெரியும். அரை நிமிடம் கழித்துத்தான் தொலைவிலிருந்து வருவதுபோல ஒரு முனகல், பிறகு குரல். அந்தக் குப்பிதான் பாடப் புத்தகத்தின் வெற்றிடக் குழல்.

அதன் உள்ளமைப்பு எளிமையானது. காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குப்பிக்குள் ஒரு உலோகத்தைச் சூடாக்கினால், கொதிக்கும் நீரிலிருந்து ஆவி எழுவதுபோல அதிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பும். எதிரே நேர் மின்னூட்டம் உள்ள தகட்டை வைத்தால் அவை அங்கே ஓடும். திரும்பி வர முடியாது, ஏனென்றால் எதிர்த் தகடு சூடாக இல்லை. சைக்கிள் டியூபின் வால்வு காற்றை உள்ளே விடும், வெளியே விடாது அல்லவா, அதே குணம். ஜான் பிளெமிங் 1904-ல் இதைச் செய்து 'வால்வு' என்றே பெயரும் வைத்தார்.

இரண்டு ஆண்டுகளில் அமெரிக்காவின் லீ டி பாரஸ்ட் நடுவில் மூன்றாவதாக ஒரு கம்பியைச் செருகினார். அதுதான் பெரிய காரியம். அந்தக் கம்பி வலைக்கு எதிர் மின்னூட்டம் கொடுத்தால், தானும் எதிர் மின்னூட்டம் கொண்ட எலெக்ட்ரான் அதைத் தாண்ட முடியாமல் நின்றுவிடும். எடுத்துவிட்டால் பாயும். கால்வாயில் மதகுப் பலகையை இறக்கினால் தண்ணீர் நிற்பது போல. மதகை ஏற்றி இறக்க ஒரு ஆளின் கைப்பலம் போதும், அது கட்டுப்படுத்துவது ஒரு கால்வாய்த் தண்ணீரை. இங்கேயும் வலைக்குக் கொடுக்கும் சிறு மின்னழுத்தம் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடுகிறது. ரேடியோக்காரர்கள் இதை ஒலியைப் பெருக்கப் பயன்படுத்தினார்கள். கணக்குப் போட நினைத்தவர்கள் இதில் ஒரு சுவிட்சைப் பார்த்தார்கள். மின்சாரமே தட்டும் சுவிட்ச். நகர்கிற நாக்கு கிடையாது. எலெக்ட்ரான் மட்டும்தான் ஓடுகிறது என்பதால் ரிலேயைவிட ஆயிரம் மடங்கு வேகமாகத் திறந்து மூடலாம்.

அப்படியென்றால் ஏன் உடனே எல்லாரும் வால்வில் கணினி கட்டவில்லை? ரேடியோவில் ஐந்தாறு வால்வு இருக்கும். அவ்வப்போது ஒன்று போகும், மாற்றிக்கொள்வார்கள். கணினிக்கோ ஆயிரக்கணக்கில் வேண்டும். ஒரு வால்வின் சராசரி ஆயுள் 3,000 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். 18,000 வால்வு உள்ள இயந்திரத்தில் பத்து நிமிடத்துக்கு ஒன்று போய்க்கொண்டே இருக்கும். எது போனது என்று தேடி எடுப்பதற்குள் அடுத்தது போய்விடும். கணக்கு எங்கே நடக்கும்? படித்தவர்களே இந்தக் கணக்கைச் சொல்லித்தான் கையை விரித்தார்கள்.

இங்கிலாந்தில் டாமி பிளவர்ஸ் என்ற தொலைபேசித் துறைப் பொறியாளருக்கு வேறு அனுபவம் இருந்தது. தொலைபேசி நிலையத்தில் வால்வுகள் வருடக்கணக்கில் கெடாமல் ஓடுவதை அவர் பார்த்திருந்தார். காரணம், அங்கே யாரும் அவற்றை அணைப்பதில்லை. குண்டு பல்பு எப்போது பீஸ் போகும் என்று யோசித்துப் பாருங்கள். எரிந்துகொண்டிருக்கும்போது அல்ல, பெரும்பாலும் சுவிட்சைப் போடும் அந்த நொடியில்தான். குளிர்ந்த கம்பி சட்டென்று சூடாகும் அதிர்ச்சியில் அறுந்துபோகிறது. வால்வுக்கும் அதே சங்கதி. அணைக்காமல் வைத்திருந்தால் பிழைத்துக்கொள்ளும். இந்த நம்பிக்கையில் பிளவர்ஸ் சுமார் 1,600 வால்வுகளைக் கொண்டு கொலாசஸ் என்ற இயந்திரத்தைக் கட்டினார். 1944 தொடக்கத்திலிருந்து பிளெட்ச்லி பார்க்கில் ஜெர்மனியின் ரகசியச் செய்திகளை உடைக்க அது உதவியது. போர் முடிந்ததும் பெரும்பாலான இயந்திரங்களையும் ஆவணங்களையும் அழிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. வரைபடங்களை அவரே உலையில் போட்டு எரித்தார். 1970-கள் வரை வெளியுலகுக்கு விஷயம் தெரியாது. அதனால் 'முதல் கணினி' என்ற புகழ் அட்லாண்டிக்கின் அந்தக் கரைக்குப் போய்விட்டது.

எனியாக்

அந்தக் கரையில் இருந்தது எனியாக். பிலடெல்பியாவில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மூர் பள்ளியில் ஜான் மாக்லியும் பிரெஸ்பர் எக்கர்ட்டும் வடிவமைத்து, 1946 பிப்ரவரியில் உலகுக்குக் காட்டப்பட்டது. சுமார் 18,000 வால்வுகள். எடை 30 டன். மூன்று படுக்கையறை வீடு ஒன்றின் பரப்பில், ஏறக்குறைய 1,800 சதுர அடியில், சுவரோடு சுவராக நின்றது. குடித்த மின்சாரம் 150 கிலோவாட். கிணற்றுக்குப் போடும் ஒரு குதிரைத்திறன் மோட்டார் இருநூறை ஒரே சமயத்தில் ஓட்டலாம். இதில் பெரும்பகுதி கணக்குக்குப் போகவில்லை. குப்பிக்குள் இருக்கும் கம்பியைச் சிவக்க வைக்கத்தான் போனது. அந்தச் சூட்டை அறையிலிருந்து வெளியேற்ற விசிறிகளுக்குத் தனிச் செலவு.

பத்து நிமிடத்துக்கு ஒன்று போகும் என்ற கணக்கை எக்கர்ட் எப்படிச் சமாளித்தார்? பெரிய கண்டுபிடிப்பு எதுவும் செய்யவில்லை. கடையில் தக்காளி பொறுக்குவது போல வால்வுகளைச் சோதித்துப் பொறுக்கினார். ஒவ்வொன்றையும் அதற்குரிய அளவைவிடக் குறைந்த மின்னழுத்தத்தில் ஓட்டினார். மாட்டுக்குப் பாதி பாரம் ஏற்றினால் அது வெகு நாள் உழைக்கும் என்ற கணக்கு. கூடுமானவரை அணைக்காமல் வைத்திருந்தார். காலப்போக்கில் ஏறக்குறைய இரண்டு நாளுக்கு ஒரு வால்வுதான் போனது. இந்த ஒழுங்கு இல்லையென்றால் அந்த 30 டன்னும் வெறும் கணப்பு அடுப்புதான்.

அமெரிக்க ராணுவத்துக்குப் பீரங்கிக் குண்டு எங்கே போய் விழும் என்ற அட்டவணைகள் தேவைப்பட்டன. அதற்காகத்தான் எனியாக்குக்குப் பணம் கொடுத்தார்கள். ஒரே ஒரு குண்டின் பாதையைக் கை இயந்திரத்தை வைத்துக் கணக்கிட ஒருவருக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் கணிதம் படித்த பெண்கள். அவர்களுடைய பதவியின் பெயரே 'கம்ப்யூட்டர்'. அவர்களில் ஆறு பேரை எனியாக்கை இயக்கத் தேர்ந்தெடுத்தார்கள்: கே மெக்நல்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காப், பிரான்சிஸ் பைலஸ், ரூத் லிக்டர்மன். கையேடு எதுவும் கிடையாது. சுற்று வரைபடங்களைப் படித்தே இயந்திரத்தைப் புரிந்துகொண்டார்கள். வெளியீட்டு நாளில் அவர்கள் அமைத்துக் கொடுத்த கணக்கை எனியாக் சுமார் இருபது நொடியில் முடித்தது. உண்மையான குண்டு தரையில் விழ அதைவிடக் கூடுதல் நேரம் ஆகும். அன்று இரவு நடந்த விருந்துக்கு அந்தப் பெண்களை அழைக்கவில்லை.

நொடிக்கு 5,000 கூட்டல் போடும் இயந்திரம்தான். ஆனால் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்கு மாற்ற வேண்டுமென்றால், கேபிள்களைப் பிடுங்கி வேறு துளைகளில் செருகி, ஆயிரக்கணக்கான சுவிட்சுகளைத் திருப்ப வேண்டும். நாள்கணக்கில் ஆகும். இருபது நொடி வேலைக்கு இரண்டு மூன்று நாள் ஏற்பாடு. அதனால்தான், செய்யவேண்டிய கட்டளைகளையும் எண்களைப் போலவே இயந்திரத்தின் நினைவகத்துக்குள் வைத்துவிடலாம் என்ற எண்ணம் அந்தக் குழுவிலேயே பிறந்தது. அதை 1945-ல் கணித அறிஞர் ஜான் வான் நாய்மன் அறிக்கையாக எழுதினார். பெயர் அவருக்குப் போய்விட்டதில் எக்கர்ட்டுக்கும் மாக்லிக்கும் கடைசிவரை மனத்தாங்கல்.

கொழுக்கட்டையும் பாதரசமும்

கட்டளைகளை உள்ளே வைப்பது என்றால் எங்கே வைப்பது? வால்வில் வைக்கலாம், ஆனால் ஓர் எண்ணை வைக்கவே பல வால்வு வேண்டும். எனியாக்கால் கையிலேயே வைத்துக்கொள்ள முடிந்தது இருபது எண்கள்தான். பாடப் புத்தக அட்டவணை சுவிட்சை மட்டும் சொல்லிவிட்டு நினைவகத்தை விட்டுவிடுகிறது. என்னைக் கேட்டால் இந்தக் காலகட்டத்தின் சுவையே நினைவகத்தில்தான் இருக்கிறது.

மாமியார் வீட்டில் கொழுக்கட்டை சாப்பிட்ட மாப்பிள்ளை கதை நமக்குத் தெரியும். பெயர் மறந்துவிடக் கூடாதே என்று "கொழுக்கட்டை, கொழுக்கட்டை" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்கு நடந்தார். வழியில் வாய்க்காலைத் தாண்டும்போது "அத்திரிபாச்சா" என்று சொல்லித் தாவினார். அதன்பிறகு அவர் வாயில் அத்திரிபாச்சாதான். முதல் கணினிகளின் நினைவகம் ஏறக்குறைய இந்த மாப்பிள்ளைதான். பாதரசம் நிரப்பிய குழாயின் ஒரு முனையில் எண்களை ஒலித் துடிப்புகளாகத் தட்டுவார்கள். துடிப்பு பாதரசத்துக்குள் பயணம் செய்து மறுமுனைக்கு வரும். ஒன்றரை மீட்டர் நீளக் குழாய் என்றால் ஆயிரத்தில் ஒரு நொடி ஆகும். அங்கே அதைப் பிடித்து, மங்கியிருப்பதைச் சரிசெய்து, மறுபடி முதல் முனைக்கே அனுப்புவார்கள். நிற்காமல் சொல்லிக்கொண்டே இருக்கும் வரைதான் ஞாபகம். மின்சாரம் ஒரு கணம் தடைப்பட்டால் அத்திரிபாச்சா.

கேம்பிரிட்ஜில் மாரிஸ் வில்க்ஸ் கட்டிய எட்சாக், 1949 மே மாதம் இப்படிப் பாதரசத்தை நம்பித்தான் இயங்கத் தொடங்கியது. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை 1951-ல் வாங்கிய யுனிவாக்கிலும் பாதரசம்தான். மான்செஸ்டரில் வில்லியம்ஸும் கில்பர்னும் வேறு வழி பிடித்தார்கள்: டி.வி. பெட்டியில் இருப்பது போன்ற திரைக்குழலில் புள்ளிகளாக எண்களை வைப்பது. புள்ளி கொஞ்ச நேரத்தில் மறையும், மறையுமுன் மறுபடி எழுத வேண்டும். அந்த இயந்திரம் 1948 ஜூன் 21 அன்று தன் நினைவகத்திலிருந்தே கட்டளைகளை எடுத்து ஒரு கணக்கை ஓட்டியது. நிரலை உள்ளே வைத்து ஓடிய முதல் மின்னணுக் கணினி அதுதான். 52 நிமிடம் ஓடி ஒரே ஒரு விடை கொடுத்தது.

எட்சாக்கைப் பார்த்துக் கட்டிய இன்னொன்று, லண்டனில் தேநீர்க் கடைகளும் பேக்கரியும் நடத்திவந்த லயன்ஸ் நிறுவனத்தின் லியோ. வணிகக் கணக்குக்கு ஓடிய முதல் கணினி அது. 1951-ல் ரொட்டி, கேக் கணக்கைப் பார்த்தது. அணுகுண்டுக்கும் பீரங்கிக்கும் பிறந்த பொருள் இவ்வளவு சீக்கிரம் டீக்கடைக்கு வந்துசேர்ந்தது எனக்குப் பிடித்த விஷயம்.

மாப்பிள்ளைத் தொல்லையிலிருந்து விடுதலை கொடுத்தது காந்த வளையம். கடுகுக்குக் கொஞ்சம் பெரியதாக, நடுவில் துளையுள்ள, பெரைட் என்ற காந்தப் பொருளாலான மணிகள். ஒவ்வொரு மணியையும் வலம்சுழியாகவோ இடம்சுழியாகவோ காந்தமாக்கலாம். ஒன்று 0, மற்றது 1. மின்சாரம் போனாலும் காந்தம் போகாது. புள்ளிக் கோலம்போல வரிசை வரிசையாக மணிகளை வைத்து, குறுக்கே ஒரு கம்பி, நெடுக்கே ஒரு கம்பி கோத்திருப்பார்கள். சுழியை மாற்றத் தேவையான மின்னோட்டத்தில் பாதியை ஒரு குறுக்குக் கம்பியிலும் பாதியை ஒரு நெடுக்குக் கம்பியிலும் விட்டால், இரண்டும் சந்திக்கும் ஒரே மணிக்கு மட்டும் முழுச் சக்தி கிடைத்து அது புரளும். மற்றவை அரைப் பலத்தில் அசையாமல் இருக்கும். இன்னொரு கம்பி, சிக்குக் கோலத்தின் இழைபோல எல்லா மணிகளுக்குள்ளும் வளைந்து வளைந்து போகும். மணி புரண்டதா இல்லையா என்று சொல்வது அதன் வேலை. இதில் ஒரு கோணல் உண்டு. என்ன இருக்கிறது என்று பார்க்க மணியைப் புரட்டிப் பார்க்க வேண்டும். பார்த்ததும் இருந்தது அழிந்துவிடும். எனவே படித்த கையோடு திரும்ப எழுதிவைப்பார்கள். எம்.ஐ.டி.யில் ஜே பாரஸ்டர் குழு 1953-ல் இதை வேர்ல்விண்ட் கணினியில் பொருத்தியது. அடுத்த இருபது ஆண்டு கணினி நினைவகம் என்றால் இதுதான். மணிகளைக் கோத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். உருப்பெருக்கியை வைத்துக்கொண்டு ஊசியால் கோத்தார்கள்.

குப்பி இல்லாத வால்வு

1947 டிசம்பரில் நியூ ஜெர்சியின் பெல் ஆய்வகத்தில் ஜான் பார்டீனும் வால்டர் பிராட்டனும் செய்த பொருளைப் படத்தில் பார்த்தால் சிரிப்பு வரும். முக்கோணப் பிளாஸ்டிக் துண்டின் விளிம்பில் தங்க ரேக்கு ஒட்டி, முனையில் பிளேடால் மெலிதாகக் கீறி இரண்டாக்கி, அதை ஸ்பிரிங் வைத்து ஜெர்மானியம் துண்டின்மேல் அழுத்தியிருப்பார்கள். பள்ளிக் கண்காட்சிக்குப் பையன் செய்த பொருள்போல இருக்கும். அதுதான் முதல் டிரான்சிஸ்டர். அவர்களுடைய மேலாளர் வில்லியம் ஷாக்லிக்கு, அந்தக் கண்டுபிடிப்பில் தன் கை இல்லையே என்று ஆற்றாமை. சில வாரங்கள் அறையை அடைத்துக்கொண்டு யோசித்து, அதைவிட உறுதியான சந்தி டிரான்சிஸ்டரின் கோட்பாட்டை எழுதிவிட்டார். 1956-ல் மூவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது.

வால்வில் எலெக்ட்ரானை உலோகத்திலிருந்து ஆவியாகக் கிளப்ப வேண்டியிருந்தது. அதற்குத்தான் சூடு, வெற்றிடம், கண்ணாடி எல்லாம். டிரான்சிஸ்டரில் எலெக்ட்ரான் திடப்பொருளை விட்டு வெளியே வருவதே இல்லை. ஜெர்மானியமும் சிலிக்கானும் தனியாக இருந்தால் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாதவை. ஒரு குடம் பாலுக்குத் துளி உறைமோர்போல மிகச் சிறிதளவு வேறு தனிமத்தைக் கலந்தால் குணம் மாறிவிடும். ஒருவகைக் கலப்பில் எலெக்ட்ரான் மிகுதி, மற்றொரு வகையில் பற்றாக்குறை. மூன்று அடுக்கு வைத்து, நடு அடுக்கை மெலிதாக்கி, அதற்குச் சிறு மின்னோட்டம் கொடுத்தால் இரு ஓரங்களுக்கும் இடையே பெரிய மின்னோட்டம் பாயும். நிறுத்தினால் நிற்கும். வால்வின் நடு வலை செய்த அதே மதகு வேலை. ஆனால் சிவக்கவேண்டிய கம்பி இல்லை. உடைய கண்ணாடி இல்லை. சூடாகக் காத்திருக்க வேண்டியதில்லை.

நம் ஊரில் இந்தப் பொருள் கணினி வழியாக வரவில்லை. ரேடியோ வழியாக வந்தது. தோளில் மாட்டிக்கொண்டு வயலுக்கு எடுத்துப்போன சின்னப் பெட்டிக்கே 'டிரான்சிஸ்டர்' என்று பெயராகிவிட்டது. திருகிய உடனே பாடும் ரேடியோவை முதன்முதலில் பார்த்தபோது தாத்தாவுக்கு இருந்த வியப்பை, வால்வுக் கணினியோடு மல்லுக்கட்டிய பொறியாளர்களும் பட்டிருப்பார்கள்.

மான்செஸ்டரில் 1953-லேயே டிரான்சிஸ்டரில் ஒரு சோதனைக் கணினி ஓடிவிட்டது. கடைக்கு வந்து குவிந்தது 1950-களின் இறுதியில்தான். ஐ.பி.எம். நிறுவனம் வால்வில் ஓடிய தன் 709-ஐ அப்படியே டிரான்சிஸ்டருக்கு மாற்றி 1959-ல் 7090 ஆக்கியது. வடிவமைப்பு பெரும்பாலும் பழையதுதான். சுவிட்ச் மட்டும் மாறியது. வேகம் ஏறக்குறைய ஆறு மடங்கு கூடியது. ஃபோர்ட்ரான், கோபால் போன்ற, கணினிக்குக் கட்டளை எழுதும் மொழிகள் பரவியதும் இந்தக் காலத்தில்தான்.

லட்சம் பற்றவைப்புகள்

ஒரு தலைவலி தீர்ந்தால் அடுத்தது முளைக்கும். வால்வு இருந்தவரை சூடும் ஆயுளும் கட்டிப்போட்டிருந்தன. டிரான்சிஸ்டர் வந்ததும் எவ்வளவு பெரிய கணினியையும் காகிதத்தில் வரையலாம் என்றாயிற்று. வரைந்ததை யார் கட்டுவது?

7090-ல் 50,000-க்கும் மேற்பட்ட டிரான்சிஸ்டர்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று கால். அந்தக் கால்களைப் பற்றவைப்பதற்கே ஒன்றரை லட்சம் இடங்கள். டிரான்சிஸ்டர் தனியாக எதுவும் செய்யாது. கூடவே மின்தடையும் டையோடும் மின்தேக்கியும் வேண்டும். அவற்றையும் சேர்த்தால் பல லட்சம். அத்தனையும் மனிதக் கையோ இயந்திரமோ வைக்கும் ஈயப் பற்று. ஒரு பற்று சரியாக ஒட்டாவிட்டாலும் கணக்குத் தப்பும். இதற்கு 'எண்ணிக்கையின் கொடுங்கோன்மை' என்றே பொறியாளர்கள் பெயர் வைத்திருந்தார்கள்.

1958 கோடையில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் எல்லாரும் விடுமுறையில் போய்விட்டார்கள். புதிதாகச் சேர்ந்த ஜாக் கில்பிக்கு விடுப்பு சேர்ந்திருக்கவில்லை. ஆளில்லாத ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்திருந்தவருக்கு ஒரு யோசனை வந்தது. டிரான்சிஸ்டர் செய்யும் அதே பொருளாலேயே மின்தடையையும் மின்தேக்கியையும் செய்ய முடியும். அப்படியானால் எல்லாவற்றையும் தனித்தனியே செய்து பிறகு பற்றவைப்பானேன்? ஒரே துண்டில் செய்துவிடலாமே. செப்டம்பர் 12 அன்று ஜெர்மானியம் துண்டு ஒன்றில் செய்து காட்டினார். பாடப் புத்தகத்தின் ஒருங்கிணைந்த சுற்று என்பது இதுதான். ஆனால் அதில் பாகங்களை இணைக்க மெல்லிய தங்கக் கம்பிகள் தலைக்கு மேல் வளைந்து போயின. பற்றவைப்பு முழுதாக ஒழியவில்லை.

அதை ஒழித்தது கலிபோர்னியாவின் ஃபேர்சைல்டு நிறுவனம். அங்கே ஜான் ஹோர்னி, சிலிக்கானின் மேல் ஒரு ஆக்சைடுப் படலத்தை அப்படியே விட்டுவைத்துத் தட்டையாக டிரான்சிஸ்டர் செய்யும் முறையைக் கண்டிருந்தார். அந்தப் படலம் மின்காப்பு. அதன்மேல் அலுமினியத்தைக் கோடுகளாகப் படியவைத்தால் அதுவே கம்பி என்று 1959 ஜனவரியில் ராபர்ட் நாய்ஸ் எழுதிவைத்தார். இதன் முழு அர்த்தம் புரிய, கல்யாணப் பத்திரிகைக்கு ஸ்கிரீன் பிரின்டிங் செய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். சட்டகத்தில் பத்து எழுத்து இருந்தாலும் ஆயிரம் எழுத்து இருந்தாலும் மையை ஒரே இழுப்புதான் இழுக்கிறோம். சில்லு என்று சொல்லும் இந்தச் சிலிக்கான் துண்டிலும் ஒளியைக் கொண்டு வடிவத்தை ஒரே வீச்சில் பதிக்கிறார்கள். டிரான்சிஸ்டரும் கம்பியும் எத்தனை இருந்தாலும் பதிக்கும் வேலை ஒன்றுதான். இதுவரை கணினியைக் கொத்தனார்போலச் செங்கல் செங்கலாகக் கட்டினார்கள். இனி அச்சடிக்கலாம். அதே நிறுவனத்தின் கோர்டன் மூர் 1965-ல் ஒரு சில்லில் உள்ள பாகங்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு இரண்டு மடங்காகும் என்று சொல்லத் துணிந்ததற்கு இந்த அச்சுத்தான் காரணம். பிறகு 1975-ல் அவரே அதை இரண்டு ஆண்டு என்று திருத்திக்கொண்டார்.

அட்டவணைக்குத் திரும்புவோம். அதில் மூன்றாம் தலைமுறைக்கு உதாரணமாக ஐ.பி.எம். சிஸ்டம்/360 என்று போட்டிருக்கும். 1964 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட அந்த வரிசையில் இருந்தவை முழுமையான ஒருங்கிணைந்த சுற்றுகள் அல்ல. பீங்கான் வில்லையின்மேல் தனித்தனி டிரான்சிஸ்டர் துணுக்குகளை ஒட்டிய இடைப்பட்ட பொருள் அது. உண்மையான ஒருங்கிணைந்த சுற்றுகளைக் கொண்டு கட்டியது, சந்திரனுக்குப் போன அப்பல்லோவின் வழிகாட்டிக் கணினி. பின்னாளைய வடிவில் சுமார் 2,800 சில்லுகள், ஏறக்குறைய எல்லாம் ஒரே வகை. ஆனால் அதன் நினைவகம் கையால் கோத்த காந்த வளையங்கள். அதை எந்தத் தலைமுறையில் சேர்ப்பது? மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில், சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையில் கட்டி 1960-ல் முழுமையாக இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் கணினியும் அப்படித்தான். 2,700 வால்வுகள், காந்த வளைய நினைவகம். வால்வின் காலம் முடிந்துகொண்டிருந்தபோது நமக்குக் கிடைத்த பொருள்களைக் கொண்டு நாமே செய்தது. தேர்வுத்தாளில் ஆண்டு எழுதி ஐந்து மதிப்பெண் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் கோடுகளைச் சுவரென்று நம்ப வேண்டாம்.

நான்காம் தலைமுறை என்று சொல்வது, கணினியின் மூளை முழுதும் ஒரே சில்லுக்குள் வந்ததை. இன்டெல் 4004, 1971 நவம்பர், 2,300 டிரான்சிஸ்டர். ஜப்பானிய கால்குலேட்டர் நிறுவனம் ஒன்றுக்காகச் செய்தது. அது தனிக் கதை.

எனியாக் 1955-ல் நிறுத்தப்பட்டது. அதன் பொன்விழாவுக்காகப் பென்சில்வேனியா பல்கலைக்கழக மாணவர்கள் அதையே மறுபடி கட்டினார்கள். அந்தப் பழைய வடிவமைப்பையே, அதே இருபது எண்களை வைத்துக்கொள்ளும் அமைப்போடு, இந்த முறை ஒரு சிலிக்கான் சில்லில். எண்ணிக்கையில் பார்த்தால் சுவிட்ச் கூடிப்போனது: 1,74,569 டிரான்சிஸ்டர். அன்று கைகளால் செருகிய கேபிள் இணைப்புகளுக்கும் திருப்பிய சுவிட்சுகளுக்கும் பதிலாக இப்போது டிரான்சிஸ்டர்தான் நிற்க வேண்டும் அல்லவா. சில்லின் நீளம் 7.44 மி.மீ., அகலம் 5.29 மி.மீ. சுண்டுவிரல் நகத்தின்மேல் வைத்துப் பார்க்கலாம்.